சுங்கை சிப்புட்டில் கடல் இறால்: இரண்டு வருடக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது. சிப்புட் என்றால் மலாயில் அதுதான். ஆனால் கடல் கிடையாது. கடலைப் பார்க்க லுமுட் பக்கம் காரை விட வேண்டும். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்த ஊரில், முன்கூடத்தில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்து இறால் வளர்த்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை வாங்கியது ஏழு. உயிரோடு இருப்பது மூன்று. வாங்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்றைவிடச் செத்துப்போன நான்கின் கதைதான் அதிகம் உதவும்.

நான் வளர்ப்பது கிளீனர் இறால். முதுகில் சிவப்புப் பட்டை, அதன் நடுவே வெள்ளைக் கோடு, நூல்போல நீண்ட வெள்ளை மீசை. பாறை விளிம்பில் நின்று மீசையை ஆட்டினால் மீன்கள் வந்து உடம்பைக் காட்டும். அது ஏறி அழுக்கைப் பொறுக்கித் தின்னும். தொட்டிக்குள் கைவிட்டால் என் நகக்கண்ணையும் விடாது. ஈப்போ கடையில் ஒன்று 65 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். சம்பல் செய்தால் ஒரு வாய்க்குத் தேறாத இறாலுக்கு இந்த விலையா என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

முதல் இரண்டும் போனது அவசரத்தால். உப்பு கரைத்தேன், காய்ந்த பாறை அடுக்கினேன், மூன்றாம் நாள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் இறாலை விட்டேன். ஒன்பதாவது நாள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. அதற்குப் பிறகுதான் சோதனைக் குப்பி வாங்கினேன். அம்மோனியா சோதனையில் தண்ணீர் மஞ்சளாக இருக்க வேண்டும்; எனக்குப் பச்சையாக வந்தது. கழிவிலும் மிச்ச உணவிலும் உண்டாகும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தண்ணீரின் தெளிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் தடவை காலித் தொட்டியில் பாசாரில் வாங்கிய ஒரு செத்த இறாலைப் போட்டு அழுகவிட்டேன். பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. வீடே ஒரு வாரம் மீன்கடை வாசனை. 34ஆம் நாள்தான் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாயின. மீண்டும் ஏமாறக்கூடாதென்று இந்தத் தடவை ஒரே ஓர் இறால் வாங்கினேன்.

அதுவும் இரண்டே நாளில் போனது. அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கண்டுபிடித்தது அப்பா. அவர் ரப்பர்த் தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே பாலில் மெட்ரோலாக் என்ற மிதவையை விட்டு, எவ்வளவு ரப்பர் இருக்கிறதென்று பார்ப்பார்கள். எடை கூட யாராவது பாலில் தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். நான் உப்பளவு பார்க்க வைத்திருந்தது 25 வெள்ளிப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஊசி மேலே ஏறி எண்ணைக் காட்டும். அப்பா பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “ஊசியில நுரை ஒட்டியிருக்கு பாரு. எங்க கொட்டகையில நுரையை வழிக்காம மெட்ரோலாக்கை விட்டா அன்னிக்குக் கணக்கே தப்பு. தட்டிட்டுப் பாருடா.”

தட்டினேன். 1.025 காட்டிய ஊசி 1.020க்கு இறங்கியது. காற்றுக் குமிழி ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்திருக்கிறது. நல்ல தண்ணீரின் எடையை 1 என்று வைத்தால் கடல் நீர் சுமாராக 1.025, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மீன்கள் ஓரளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். இறால் உப்பளவைத் திடீரென்று மாற்றினால் தாங்காது. கடைத் தண்ணீரிலிருந்து நேரே என் தொட்டிக்குள் விட்டது அதற்குப் பெரிய அடி.

மறுவாரமே உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன், 80 வெள்ளி. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வாங்கியதும் 35 கிராம் அளவுள்ள சோதனைத் திரவத்தால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெறும் நல்ல தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பிவிட்டால் மேல் அளவில் பிசகலாம். இரண்டு வருடத்தில் நான் வாங்கிய சாமான்களில் முழுக்கக் காசுக்குத் தகுந்தது இது ஒன்றுதான். இப்போதெல்லாம் புது இறால் வந்தால் சின்ன வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குகிறேன்.

அடுத்தது வெயில். மதியம் எங்கள் முன்கூடம் 32 டிகிரி போகும். விளக்கும் பம்பும் சேர்ந்து தண்ணீரைச் சூடாக்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் என்ற கருவியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கவ்வி மாட்டும் 30 வெள்ளிக் காற்றாடி ஒன்று நீர்ப்பரப்பில் வீசினால் 28க்கு இறங்குகிறது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே நிற்கும். தீபாவளிக்கு நான்கு நாள் பினாங்கு போய்வந்தபோது 35 இருந்த அளவு 37ஐத் தாண்டியிருந்தது. குறைவதை உப்புநீரால் நிரப்பக்கூடாது, உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் அப்பா ஒரு டேப்பை ஒட்டிக் கோடு போட்டார். காலையில் தேத்தண்ணிக்கு முன்னால் அதைப் பார்ப்பது இப்போது அவர் வேலை.

சட்டை உரிப்பதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு காலை, மீசை முதல் வால் வரை அப்படியே ஓர் இறால் பாறையடியில் செத்துக் கிடந்தது. வலையால் எடுத்தால் எடையே இல்லை, வெறும் கூடு. உண்மையான இறால் இரண்டு நாள் பொந்துக்குள் பதுங்கியிருந்தது, புது ஓடு கெட்டியாகும்வரை. எனக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. கூட்டை எடுக்காதீர்கள், அதுவே தின்னும். சட்டை உரிக்க அயோடின் வேண்டுமென்று குப்பி விற்பார்கள். நான் ஒன்று வாங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் உப்புப் பொடியிலேயே தேவையானது வந்துவிடுகிறது.

நான்காவது சாவு என் கவனக்குறைவு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) டிங்கி காய்ச்சலுக்குப் புகையடித்தார்கள். நான் வேலையில் இருந்தேன். வீட்டில் கதவைச் சாத்தினார்கள், சரி. ஆனால் காற்றுப் பம்பை நான் வெளி வராந்தாவில் வைத்திருந்தேன், சத்தம் கேட்கக்கூடாதென்று. புகையை உறிஞ்சி நேரே தொட்டிக்குள் ஊதியிருக்கிறது. மாலையில் வந்து பார்த்தால் மீன்கள் சாதாரணமாக நீந்தின. சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகள் வெளியே விழுந்து கிடந்தன. ஓர் இறால் பக்கவாட்டில் சாய்ந்து காலை உதறிக்கொண்டிருந்தது. பூச்சியும் இறாலும் நண்டும் ஒரே கணுக்காலி வம்சம். கொசுவுக்கு அடிக்கும் பைரெத்ராய்டு மருந்து மீனுக்கு முன்னால் இவற்றைத்தான் கொல்லும். பாதித் தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சும் கரி போட்டதில் மற்றொன்று பிழைத்தது. கொசுவத்தியும் ஸ்பிரேயும்கூட அந்தக் குடும்பம்தான், அதனால் முன்கூடத்தில் இப்போது கொசுவலை. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து போட்ட பழைய தொட்டியையோ பாறையையோ மலிவு என்று வாங்காதீர்கள். தாமிரமும் இறாலுக்கு எமன்.

பிழைத்த அதற்குத் துணையாகப் பிறகு இரண்டு விட்டேன். எட்டு மாதமாகச் சாவு இல்லை. போன மாதம் ஒன்றின் வயிற்றுக்கடியில் பச்சையாக முட்டை. இரவில் குஞ்சு பொரித்து விளக்கை நோக்கி மிதந்தன, தூசி மாதிரி. கோமாளி மீன் இரண்டும் காலைக்குள் அத்தனையையும் தின்றுவிட்டன. இந்த வாரம் மறுபடி பச்சை தெரிகிறது. தனி வாளி ஒன்று வேண்டும் என்றேன். கொட்டகைக் காலத்துப் பால்வாளி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார் அப்பா. அலுமினியம் ஆகாது, பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது.