ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், அரிப்பிபிரசோல்: மூன்றும் பாவித்த அனுபவம்

சிசோஃபிரினியா என்ற மனச்சிதைவு வருத்தத்துக்குப் பல வருஷமாகக் குளிசை எடுக்கிறேன். இருப்பது வெள்ளவத்தையில். இதுவரை மூன்று மருந்து பாவித்திருக்கிறேன். மூன்றிலும் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, ஆனால் ஒவ்வொன்றும் உடம்பைப் படுத்திய விதம் வேறு.

ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் நின்றது, மார்பில் பால் கசிந்தது. கல்யாணமாகாத பிள்ளைக்கு இப்படியா என்று அம்மா பயந்துபோனா. இரத்தத்தில் பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரோலாக்டின் கூடியிருந்தது. இந்த மருந்துக்கு அது அடிக்கடி வருவதுதானாம். தொடங்கும்போதே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்.

ஒலன்சபினில் நித்திரை அருமை, பசிதான் பொல்லாதது. இரவுச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் குசினிக்குப் போய், மிச்சப் பாணையும் சம்பலையும் நின்றபடியே தின்பேன். சட்டைகள் எல்லாம் இறுகின. அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் டொக்டர் பொறுத்திருக்கவில்லை, மருந்தை மாற்றினார். குடும்பத்தில் சீனி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அரிப்பிபிரசோல். எடை மெல்ல இறங்கியது, மாதவிடாயும் திரும்பி வந்தது. ஆனால் ஆரம்பத்தில் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலி வீதி பஸ்ஸில் சீற் கிடைத்தாலும் இருக்க முடியாமல் எழும்பி நின்றேன். "கொஞ்சம் இரன் பிள்ளை" என்று அம்மா கெஞ்சுவா. இந்த அந்தரத்தை வருத்தம் கூடிவிட்டதென்று நினைத்து டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். எனக்கு டோஸைக் குறைத்து, புரோபிரனலோல் என்ற இன்னொரு குளிசையைச் சேர்த்த பிறகு அடங்கியது.

இதே வருத்தத்துக்குக் குளோசபின் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது, அதை நான் எடுத்ததில்லை. இரண்டு மருந்தாவது ஒழுங்காக எடுத்தும் கேட்காதவர்களுக்குத்தான் அதைத் தருவார்கள், அந்த நிலையில் மற்றவற்றைவிட அது நன்றாக வேலை செய்யும். வெள்ளையணு குறையலாம் என்பதால் முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும். அதனால் வரும் மலச்சிக்கலையும் சும்மா விடக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், சிகரட். அது ஒலன்சபின், குளோசபின் இரண்டின் அளவையும் இரத்தத்தில் குறைக்கும். திடீரென்று விட்டால் அளவு ஏறும், ஆகவே விடப்போவதை டொக்டரிடம் முதலே சொல்ல வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது எடை, மாதவிடாய், நித்திரை, கால் அந்தரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்து ஒத்துவராவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் அதைக் காட்டி மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கிளினிக் வரை பொறுக்க முடியாவிட்டால் இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.