திங்க்பேட் எக்ஸ்270, டெபியன், நான்கு வருடம்

2021 டிசம்பரில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன், திங்க்பேட் எக்ஸ்270. 22,000 ரூபாய். இதையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட எடை குறைவான லேப்டாப் எது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மாடல் பெயரைச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் அது போதாது. எதையெல்லாம் பார்த்து வாங்கினேன், நான்கு வருடத்தில் எது உழைத்தது என்று சொன்னால்தான் பயன்.

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். வீடு மதுரையில், வேலை தரும் பதிப்பகங்கள் சென்னையில். மாதம் இரண்டு முறையாவது வைகை எக்ஸ்பிரஸ். காலையில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிடும். அந்த ஏழு மணி நேரத்துக்கு மேலான பயணம் எனக்கு வேலை நேரம்தான். தோளில் சுமக்க வேண்டும், மடியில் வைத்துத் தட்ட வேண்டும், பிளக் கிடைக்காத இருக்கையிலும் ஓட வேண்டும்.

இதற்கு முன் வைத்திருந்தது புத்தம் புதிதாக வாங்கியது. ஒரு கிலோவுக்கும் குறைவு. கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை, அதில் மயங்கித்தான் வாங்கினேன். ரேம் 8 ஜிபி, போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்தது, கூட்டவே முடியாது. வைஃபை சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் அப்போது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் இல்லை. யாரோ புண்ணியவான் எழுதி வைத்ததை இறக்கி நாமே தொகுத்துக்கொள்ள (கம்பைல் செய்ய) வேண்டும், கர்னல் அப்டேட் வந்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லாவற்றையும்விட மோசம் அதன் தூக்கம், அதாவது அணைக்காமல் மூடிவைக்கும்போது போகும் ஓய்வு நிலை. மூடி பையில் வைத்துவிட்டு திண்டுக்கல் தாண்டி எடுத்துப் பார்த்தால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி சுடும், பேட்டரியில் பாதி போயிருக்கும். இரண்டு வருடத்தில் விற்றுவிட்டேன்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், லேப்டாப் வாங்கும் பலர் கவனிக்காத இடம் அது. பழைய முறை எஸ்3. ரேமுக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். கடந்த சில வருடங்களில் வந்த பல லேப்டாப்களில் அதை எடுத்துவிட்டு, செல்போன் மாதிரி அரைத்தூக்கத்தில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரே ஒரு பாகம் சரியாக ஓய்வுக்குப் போகாவிட்டாலும் பேட்டரி கரையும். எந்த முறை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சுலபம். லினக்ஸில் 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்', அதற்குள் 'மெம் ஸ்லீப்' என்றொரு கோப்பு இருக்கும். திறந்தால் ஒரே வரி. அதில் 'டீப்' என்ற சொல் இருந்தால் எஸ்3 இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு நான் கேட்கும் கேள்விகளின் வரிசையே மாறிவிட்டது. இதில் எதையெல்லாம் நானே கழற்றி மாற்றலாம் என்பது முதலில். இதன் பாகங்களைக் கர்னலுக்கு ஏற்கெனவே தெரியுமா என்பது அடுத்தது. எடை அதற்கும் பிறகுதான். 900 கிராமுக்கும் 1.3 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. போதாத ரேமை மறக்கவே முடிவதில்லை.

எக்ஸ்270, 2017-இல் வந்த மாடல். 12.5 அங்குலத் திரை, சிறிய பேட்டரியோடு சுமார் 1.3 கிலோ. ரேமுக்கு ஒரே ஒரு ஸ்லாட், ஆனால் கழற்றி மாற்றலாம். 8 ஜிபியோடு வாங்கினேன், அடுத்த மாதமே 16 ஆக்கினேன். எஸ்எஸ்டியும் மாற்றலாம். வைஃபை இன்டெல், டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. இதற்கு முந்தைய எக்ஸ்260 பார்க்க அச்சு அசல் இதேதான், விலையும் குறைவு. இருந்தும் 270-ஐ எடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, இதில் டைப்-சி உண்டு, 20 வோல்ட் தரும் எந்த நல்ல சார்ஜரும் போதும். இன்னொன்று, இதிலுள்ள ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவைத் தனி வன்பொருள் கொண்டே விரிக்கும். விசிறி அலறாமல் படம் ஓடும்.

கடைக்கு டெபியன் லைவ் பென்டிரைவ் ஒன்றோடு போனேன். டெபியன் லினக்ஸில் ஒரு வகை, லைவ் என்றால் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். "தாராளமா பாருங்க சார், பேட்டரி மட்டும் கேரண்டி கிடையாது" என்றார் கடைக்காரர். முதலில் எஃப்1 அழுத்தி, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்தேன். அங்கே சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் திங்க்பேட்களில் இது சில சமயம் அப்படியே இருக்கும், தொலைந்துபோனால் முறையான ஒரே வழி போர்டை மாற்றுவதுதான். அப்புறம் பென்டிரைவில் பூட் செய்து வைஃபை, கேமரா, ஒலி, எல்லா விசைகளையும் பார்த்தேன். மூடினேன், ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறந்தேன். உடனே விழித்தது. பேட்டரியின் ஆரம்பக் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் லினக்ஸே சொல்லிவிடும். அந்த இரண்டு எண்ணையும் காட்டியதும் விலையில் 1,500 இறங்கியது.

திரை விஷயத்தில் தமிழில் வேலை செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இதே மாடல் 1366×768 திரையோடும் வருகிறது, 1920×1080 திரையோடும் வருகிறது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தைத் திறந்தேன். குறைந்த திரையில் பன்னிரண்டு புள்ளி எழுத்தில் 'ணூ', 'ஞை' எல்லாம் உள்சுழி அடைந்துபோய்க் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தன. 'ன்' மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கு அந்தத் திரை போதும். ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குப் போதாது. 3,000 கூடுதல் கொடுத்து நல்ல திரை உள்ளதை எடுத்தேன். இந்த நான்கு வருடத்தில் செலவழித்ததில் மிகச் சரியான செலவு அதுதான்.

இந்த மாடலை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் பேட்டரி. உள்ளே சுமார் 23 வாட்-மணி அளவில் ஒன்று நிலையாக இருக்கும். பின்னால் கழற்றக்கூடியது இன்னொன்று, 23, 48, 72 என்று மூன்று அளவில் கிடைக்கும். லேப்டாப் முதலில் பின் பேட்டரியைத்தான் தின்னும், உள்ளே இருப்பதைக் கடைசிவரை காப்பாற்றும். என்னிடம் 48 அளவில் இரண்டு இருக்கின்றன. விழுப்புரம் நெருங்கும்போது முதலாவது தீரும். லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் இரண்டு தாழ்களையும் இரு கட்டை விரலால் நகர்த்தினால் பேட்டரி வெளியே வந்துவிடும். பையிலிருந்து அடுத்ததை எடுத்து 'டக்' என்று சொருக வேண்டியதுதான். திரை அணையாது, திறந்திருந்த கோப்பு அப்படியே இருக்கும். முதல் தடவை பக்கத்து இருக்கைப் பெரியவர் "ஆஃப் பண்ணாமலேயா?" என்று கேட்டார்.

இதில் பட்ட அடியும் உண்டு. முதலில் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த போலி பேட்டரி ஒன்றை வாங்கினேன். எட்டு மாதத்தில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே செத்தது. அதற்கப்புறம் விலை அதிகமானாலும் விசாரித்து நல்லதாக வாங்கினேன். கூடவே மின்சாரப் பயன்பாட்டைக் கவனிக்கும் டிஎல்பி என்ற நிரலை நிறுவி, வீட்டில் இருக்கும் நாட்களில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்தேன், பயண நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 100. திங்க்பேட்களில் இந்த வரம்பைக் கர்னலே நேரடியாகக் கையாளும். பெரிய பேட்டரி போட்டால் பின்பக்கம் சற்று உயர்ந்து கீபோர்டு சரிவாக நிற்கும், மொத்த எடையும் ஒன்றரை கிலோ வரை போகும். எனக்கு அந்தச் சரிவு பிடித்துப்போனது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மென்பொருள் பக்கம் சொல்ல அதிகம் இல்லை, அதுவே நல்ல செய்தி. டெபியன் 11-இல் தொடங்கினேன். அப்போது வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் (இது டிரைவரிலிருந்து வேறு) அதிகாரபூர்வ நிறுவியில் இருக்காது, தனிப் பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். 2023 ஜூனில் வந்த 12-இலிருந்து அந்தத் தொல்லை இல்லை, நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் 13 வந்தது, இரண்டு மாதம் பொறுத்து மாறினேன். ஒவ்வொரு முறையும் அழிக்காமல் மேலேயே ஏற்றிக்கொண்டேன், ஒரு கோப்பும் போகவில்லை. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலைப் போட்டு, எம்17என் என்ற தொகுப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். லிப்ரே ஆபிஸில் தமிழ் உடையாமல் வருகிறது. இருநூறு பக்க நாவலைத் திருத்தக் குறிப்புகளோடு திறந்தாலும் திணறுவதில்லை.

திணறும் இடங்களும் உண்டு. இரண்டே கோர் (செயலிக் கரு) உள்ள சிப் இது. வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே பிரவுசரில் முப்பது டேப் வைத்தால் மெதுவாகிவிடும். வீடியோ எடிட்டிங், கனமான நிரல் தொகுப்பு எல்லாம் இதற்கானதல்ல. விரல்ரேகை உணரி எந்த லேப்டாப்பில் இருந்தாலும் லினக்ஸில் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள், அதன் சாதன எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, இன்று வாங்குவதாக இருந்தால்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் உள்ள பெரும்பாலான லேப்டாப்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள இயந்திரங்களையும் ஆட்கள் கழிக்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் பேரம் பேச நல்ல காலம். ஆனால் நான் எட்டாம் தலைமுறைக்கே போகச் சொல்வேன், அதில் பல சிப்புகளில் நான்கு கோர். இதற்கு அடுத்து வந்த எக்ஸ்280 வேண்டாம், அதில் ரேம் சால்டர் செய்தது. திங்க்பேட் டி480எஸ் பாருங்கள். 14 அங்குலத் திரை இருந்தும் 1.3 கிலோதான், ரேமுக்கு ஒரு ஸ்லாட் உண்டு. கழற்றும் பேட்டரி மட்டும் கிடையாது. போன மாதம் அக்கா மகளுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன், அதே பென்டிரைவோடு போய்.

நான் இதை மாற்றப்போவதில்லை. உள்பேட்டரி இப்போது 16 வாட்-மணிதான் பிடிக்கிறது, புதியது வாங்கி வைத்துவிட்டேன். மூடியைக் கழற்றும் முன் பயாஸில் உள்பேட்டரியைத் துண்டிக்கும் விருப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும், கீழே உருண்டு தொலையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிவிட்டால் செவ்வாய்க்கிழமை வைகைக்குத் தயார்.