ஸ்விஃப்டில் ஆட்டோகிராஸ்: ரிம், டயர், காற்று – இரண்டு சீசன் கணக்கு

ஆட்டோகிராஸ் என்பது குறுகிய, வளைவுகள் நிறைந்த தடத்தில் ஒவ்வொரு வண்டியாக ஓடி நேரம் பார்க்கும் போட்டி. அதில் ஒரு ஓட்டம் முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை போகும். முதல் கியரில் கிளம்பி இரண்டாவதுக்கு மாற்றினால், முடிவுக் கோடு வரை பெரும்பாலும் அதிலேயேதான். ஸ்விஃப்ட் போல முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்த நேரம் முழுக்க இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில்தான் விழும். அதனால் இங்கே ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: முன் டயர் வளைவில் மடங்காமல் நிற்குமா?

வண்டி 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15 டயர் (185 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம்), 5 அங்குல அகல ரிம். மாற்றியது 6.5 அங்குல ரிம், 195/50 ஆர்15, ட்ரெட்வேர் (தேய்மான எண், குறைந்தால் ரப்பர் மென்மை) 200 டயர். ஓட்டம் எல்லாம் கோன் வைத்த தார்த் தளத்தில். மண் மைதானத்தில் நடத்தும் போட்டிக்கு இது உதவாது. அங்கே ஒல்லியான 165/80 ஆர்14 தான் மண்ணைக் கீறிப் பிடிக்கும். அகல டயர் மேலே மிதக்கும்.

முதலில் ரிம். பலரும் டயரை மட்டும் அகலமாக்கிப் பழைய ரிம்மிலேயே ஏற்றுகிறார்கள். 195/50 ஆர்15க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. 5 அங்குலத்தில் ஏற்றினால் பக்கச்சுவர் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். ஸ்டியரிங் திருப்பினால் முதலில் அந்தச் சுவர் வளையும், பிறகுதான் வண்டி திரும்பும். வரிசைக் கோன்களுக்கு நடுவே நெளிந்து போகும்போது இந்தத் தாமதம் ஒவ்வொரு கோனிலும் கூடிக்கொண்டே போய், ஐந்தாவது கோனில் வண்டி வழியை விட்டே விலகியிருக்கும். 6.5 அங்குல ரிம்மில் சுவர் நேராக நிற்கிறது. கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ரிம்முக்கே செலவிடுங்கள். 185/65 டயரைக்கூட 6.5 வரை ஏற்றலாம்.

ரிம் வாங்கப் போகும்போது கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்: நான்கு போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை 54.1 மி.மீ., நட் மரை 12x1.25. கடைசி எண்தான் ஆபத்து. டொயோட்டா, ஹோண்டா நட்டுகள் 12x1.5. இவை சுசூகி ஸ்டட்டில் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். பிடித்துவிட்டது என்று நினைத்து ஏர் கன்னால் அடித்தால் மரை போய்விடும். முதல் ஐந்தாறு சுற்றை விரலாலேயே ஏற்றிப் பாருங்கள். வெளி அலாய்களின் நடுத்துளை பெரும்பாலும் பெரிதாக இருக்கும், 73.1 மி.மீ. துளை என்றால் அந்த இடைவெளியை நிரப்பும் 73.1–54.1 வளையம் தேவை. இல்லாவிட்டால் பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் 80க்கு மேல் ஸ்டியரிங் உதறும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகக்கூடும் என்பதால் அலுமினியமே நல்லது. நட்டை வண்டியின் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) கணக்கு எளிது. 5லிருந்து 6.5க்குப் போனால் 38 மி.மீ. அகலம் கூடுகிறது. ஆஃப்செட் அதேதான் என்றால் உள்ளே 19, வெளியே 19. ஆஃப்செட்டை 7 குறைத்தால் உள்ளே 12, வெளியே 26. உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்), வெளியே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு), இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பழைய ரிம்மோடு அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஃபெண்டர் உள்விளிம்பில் சிறுவர் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால், டயர் எங்கே உரசுகிறது என்று களிமண்ணே காட்டிவிடும். எடையைப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் பாருங்கள். பார்வைக்கு மெலிதாகத் தெரியும் மலிவு அலாய் பல நேரம் ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாக இருக்கும்.

அடுத்து டயர் உயரம். 185/65 ஆர்15 விட்டம் 621 மி.மீ. 195/55 என்றால் 595, 195/50 என்றால் 576. ஆக 195/50இல் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது. அதே வேகத்துக்கு எஞ்சின் 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். குறுகிய வளைவிலிருந்து வெளியேறும்போது இந்தச் சின்ன எஞ்சினுக்கு அது பெரிய உதவி. இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டாவது கியரில் 90 எட்டும் வண்டி 83இலேயே எஞ்சின் உச்சச் சுற்றைத் தொட்டுக் கட்டாகிவிடும், நீள நேர்ப்பாதை உள்ள தளத்தில் மூன்றாவது போட வேண்டிவரும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் சுமார் 23 மி.மீ. குறைகிறது, நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது தாங்காது. சுமைக் குறியீட்டையும் கவனியுங்கள்: பழைய டயரில் 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ, 195/50இல் வழக்கமாக 82, அதாவது 475 கிலோ. ஐந்து பேரும் சாமான்களுமாக ஊருக்குப் போகும் வண்டியில் இதை நிரந்தரமாக விடக்கூடாது. ஒரே செட்டில் இரண்டு வேலையும் ஆக வேண்டுமென்றால் 195/55 ஆர்15, சுமைக் குறியீடு 85, ஓரளவு சமரசம்.

ட்ரெட்வேர் 200 என்பது அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் விளையாட்டு அமைப்பின் ஆட்டோகிராஸில் சாலை டயர் வகுப்புகளுக்கான குறைந்தபட்ச எண். அந்த விதிக்கு ஏற்றபடி கம்பெனிகள் செய்யும் டயர்கள்தான் யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை. இரண்டிலும் 195/50 ஆர்15 உண்டு. எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அதைச் சோதித்துப் போடுவது கம்பெனியே என்பதால், ஒரு கம்பெனியின் 200ஐ இன்னொன்றின் 200ஓடு ஒப்பிட்டுப் பயனில்லை. வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று வருடம் கிடங்கில் கிடந்த மென்மையான டயரை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

இனி காற்று. இதற்குச் செலவு கிடையாது, ஆனால் நேரத்தை அதிகம் மாற்றுவது இதுதான். பெட்ரோல் பங்க் மெஷின்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டும். எனவே 0–60 அளவுள்ள, காற்றை இறக்கும் பொத்தான் வைத்த கேஜ் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். 12 வோல்ட் பம்ப் ஒன்று போதும்.

கம்பெனி ரிம்மும் 185/65 டயரும் என்றால் முன்னால் 40இல் தொடங்குங்கள். அகல ரிம், 195/50 என்றால் குளிர்ந்த நிலையில் 33. சூடான பிறகு 35–36இல் நிறுத்த வேண்டும். பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது. டயர் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்திலும் இன்னும் இரண்டு இடத்திலும் ட்ரெட் (தரையைத் தொடும் பரப்பு) ஓரத்திலிருந்து கீழே இரண்டு செ.மீ.க்குச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் கோடு முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி எழுத்துகள் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். ட்ரெட் ஓரத்திலேயே சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் 2 இறக்குங்கள்.

குனிந்து ரப்பரையும் பாருங்கள். சரியான அழுத்தத்தில் மேற்பரப்பு முழுக்க ஒரே சீராகச் சொரசொரப்பாக இருக்கும். வெளித்தோளில் மட்டும், நோட்டில் பென்சில் எழுத்தை அழித்தால் சுருளும் தூள் போல ரப்பர் உருண்டு ஒட்டியிருந்தால், காற்று குறைவு. அல்லது வளைவுக்குள் வேகமாக நுழைந்து, திரும்பாத வண்டியை மேலும் மேலும் ஒடித்திருக்கிறீர்கள். காற்று ஏற்றியும் அந்தச் சுருள் மாறவில்லை என்றால் குறை கேம்பரில், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தில். ஸ்விஃப்டின் முன் கேம்பர் கம்பெனி நிலையில் பூச்சியத்தை ஒட்டியே இருக்கிறது. கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் 1.5 டிகிரி (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கி) வரை கொண்டுபோனால் வெளித்தோள் தப்பிக்கும். காற்று கூடிப்போனால் அறிகுறி வேறு: வண்டி சின்னச் சின்னத் துள்ளலாகப் பக்கவாட்டில் நழுவும், ஏ.பி.எஸ். சீக்கிரமே உதறும்.

பின் டயர்களுக்கு நோக்கமே தலைகீழ். பின்பகுதி கொஞ்சம் நழுவினால்தான் இந்த வண்டி மூக்கைத் திருப்பும். அதற்காகப் பின்னால் 38இல் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றுங்கள்; 42ஐ ஒட்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பகுதி சுழலத் தொடங்கும். காற்றைக் குறைத்தாலும் பிடி குறையும்தான், ஆனால் அப்போது பின்பகுதி தொளதொளவென்று தாமதமாக வரும், அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும், முன்னையோ பின்னையோ, மாற்றிவிட்டு எழுதிவையுங்கள். நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: “காலை 9, நிழல், மு 33, பி 38, ஓட்டத்துக்குப் பின் மு 35.5, பி 38.5, மூக்கு விலகுகிறது, அடுத்தது பி 40.”

ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினால் 1 பி.எஸ்.ஐ. கூடும். காலையில் அடைத்த காற்று நண்பகலில் அதே எண்ணாக இருக்காது. வெயில் பட்ட பக்கம் மட்டும் கூடியிருப்பதும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இலக்கு எண்ணுக்கு இறக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் மென்மையான டயர் மூன்றாவது ஓட்டத்திலேயே வழவழக்கத் தொடங்கும். செடிக்கு மருந்தடிக்கும் கைத் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி முன் டயர்களில் அடித்தால் தாங்கும். ஸ்டார்ட் கோட்டுக்கு வரும்முன் அது உலர்ந்திருக்க வேண்டும்.

தேய்மானத்தில் முன் டயர்தான் முதலில் போகும், அதுவும் வெளித்தோள். ஒவ்வொரு போட்டிக்கும் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றினால் நான்கும் சேர்ந்தே தேயும். திசை அம்புக்குறியோ, வெளிப்பக்கம் என்ற குறியோ இல்லாத டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால், பழைய உள்தோள் வெளியே வந்து இன்னும் சில போட்டிகளுக்கு ஆகும். இரண்டாவது சீசனில் பள்ளம் மீதமிருந்தும் பிடி குறைவது இயல்பு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிவிடுகிறது. போட்டி இல்லாத மாதங்களில் கறுப்புப் பையில் சுற்றி, வெயிலும், ரப்பரைக் கெடுக்கும் ஓசோன் கிளப்பும் மின் மோட்டாரும் இல்லாத அறையில் வையுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் நான்கிலும் காற்றைக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். டயர் சூடு ஆறிய பிறகு அளந்து. பின்னால் 42 வைத்த வண்டியின் பின்பகுதி, கோன்களுக்கு நடுவே சுழன்றது போலவே மழை ஈர ரவுண்டானாவிலும் சுழலும்.