சுவரில் உப்பு பூத்தால் என்ன செய்யலாம்: சில மழைக்காலங்கள் பார்த்த அனுபவம்

காம்பவுண்டு சுவரில் உப்பு பூக்கிறது, என்ன வாங்கி அடிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள் என்பதுதான். கொஞ்ச நாளைக்கு ஒரு காய்ந்த பிரஷ் போதும். கெமிக்கல் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் வீடு காட்பாடியில். சுவரின் தெருப்பக்கம் பூசாமல் செங்கல் தெரிய, இடுக்குகளில் மட்டும் சிமென்ட் அடைத்துப் பாயிண்டிங் செய்தது, உள்பக்கம் சிமென்ட் பூச்சும் பெயிண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழை முடிந்து தை மாத வெயில் ஏறியதும் முழங்கால் உயரம்வரை சுவர் மாவு தூவியது போல வெளுத்துவிட்டது. மழை பெய்யும்போது ஒன்றும் தெரியாது, சுவர் காயும்போதுதான் பூக்கும். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் அடிமண்ணிலும் இருக்கிற உப்பு ஈரத்தில் கரைந்து வெளிப்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது.

எங்கள் பக்கம் கலவைக்கும் சுவர் நனைப்பதற்கும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குடத்தில் நாலு நாள் இருந்தால் வெள்ளை படிகிற தண்ணீர் அது. கான்கிரீட்டுக்கான தண்ணீரில் சல்பேட் உப்பு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. போர் போட்ட யாரும் வீடு கட்டும்முன் அதைச் சோதித்து நான் பார்த்ததில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது.

பூத்திருப்பது எந்த உப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது. விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்து, தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் சல்பேட் வகை. கரையாமல் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். எங்கள் சுவரில் கீழே முதல் வகை. மேலே, மழைநீர் வழிந்த பாயிண்டிங் இடுக்குகளில் இரண்டாவது.

பொடி உப்பைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் அன்றைக்குச் சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால் கரைந்த உப்பில் பாதி செங்கல்லுக்குள்ளேயே திரும்பிப் போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். அதனால் நல்ல வெயில் நாளில், மத்தியானத்துக்கு மேல், நார் பிரஷ் வைத்துக் காய்ந்தபடியே தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், செங்கல்லின் மேல்தோல் போய்விடும். சுவரடியில் ஒரு சாக்கை விரித்து, விழுகிற பொடியை வாரி வெளியே கொட்டிவிடுங்கள். அங்கேயே விட்டால் அடுத்த மழைக்கு அது மண்ணோடு கரைந்து சுவருக்கே வரும். சுண்ணாம்பு ஓட்டுக்கு மட்டும், சுவரை முதலில் நனைத்துவிட்டு வினிகர் தடவித் தேய்த்துக் கழுவினால் போதும்.

"இன்னா சார், இதுக்குப் போயி பிரஷ்ஷா? ஆசிட் ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல போயிடும்" என்றார் வேலைக்கு வந்த மேஸ்திரி. கேட் ஓரத்தில் ஊற்றியும் காட்டினார். வெள்ளை போனது உண்மை. கூடவே பாயிண்டிங் சிமென்ட்டும் அரித்து மணல் மணலாக உதிர்ந்தது, கேட்டின் அடிக்கம்பி துருவேறியது. அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டிலிருந்து வரும் குளோரைடும் ஒரு உப்புதான் என்பது அவர் கணக்கில் இல்லை.

உள்பக்கத்துக்கு, ஓதம் தாங்கும் என்று கடைக்காரர் கொடுத்த பெயிண்ட் அடித்தோம். முதல் வருஷம் ரொம்ப அழகு. இரண்டாவது கோடையில் அங்கங்கே கொப்புளம். நகத்தால் ஒன்றைக் கீறினேன். பெயிண்ட் தோல் உரிந்து, உள்ளேயிருந்து ஒரு பிடி உப்பும் சிமென்ட் பொடியும் கொட்டியது. ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் உப்பு பூச்சுக்கு உள்ளேயே படிகமாகி அதைத் தள்ளிவிடும். வெளியே பூப்பது பார்க்கத்தான் அசிங்கம், உள்ளே பூப்பதுதான் சுவரைத் தின்கிறது.

பெரிய மாற்றம் வந்தது வேறு வேலைகளால். சுவரை ஒட்டி மண் ஏற்றியிருந்த அம்மாவின் செம்பருத்திப் பாத்தியைத் தள்ளி வைத்தோம். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான். மண் இறங்கியபின் பார்த்தால், ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் போட்டிருந்த டி.பி.சி. பட்டை அதுவரை மண்ணுக்குள் இருந்திருக்கிறது, ஈரம் அதற்கு மேலேயே சுவருக்குள் போயிருக்கிறது. சுவர் தலையில் தண்ணீர் சொட்டி விலகுகிற மாதிரி விளிம்பு வைத்த பட்டைக்கல் பதித்தோம். அடுத்த மழைக்குப் பிறகு உப்பு பாதிக்குமேல் குறைந்தது, எந்தக் கெமிக்கலும் இல்லாமல்.

அதற்கப்புறம்தான் சைலேன்-சிலாக்சேன் வகைத் திரவம் வாங்கினேன். படலமாக நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கி மழைநீரைத் தடுக்கும், ஆவியை வெளியே விடும். அக்னி நட்சத்திரம் முடிந்து, சுவர் எலும்பு வரை காய்ந்திருக்கும்போது அடித்தோம். நிறம் மாறவில்லை, பளபளப்பும் இல்லை. ஐப்பசி மழையில் செங்கல் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இத்தனை மழைக்காலம் கழித்தும் நடுச்சுவரில் அது நன்றாகவே இருக்கிறது. மேற்கு மூலையில் மட்டும் தண்ணீர் உருளாமல் ஊற ஆரம்பித்திருக்கிறது. விலை அதிகம்தான், மழை படுகிற தெருப்பக்கத்துக்கு மட்டும் வாங்கினால் போதும்.

தரையிலிருந்து ஏறும் ஈரத்தை இது தடுக்காது. கீழ் இரண்டு வரிசைச் செங்கல் இன்னும் மாசியில் லேசாக வெளுக்கிறது, பிரஷ் எடுத்துத் தட்டிவிடுகிறேன். உள்பக்கச் சிமென்ட் பூச்சை இடுப்புயரம் கொத்தி எடுத்து, ஈரத்தை வெளியே விடுகிற சுண்ணாம்புப் பூச்சு பூசப் போகிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இந்தப் பக்கம் கிடைப்பதுதான் கஷ்டம். ஆரணிப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்றார்கள், பங்குனிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.