பெயரிங் மாற்றிய பிறகு ஏபிஎஸ் லைட் எரிகிறதா? சென்சருக்குக் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ரீகண்டிசன் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கராஜில் என் டொயோட்டா காரின் முன் சில்லுக்கு, அது சுற்றுவதைத் தாங்குகிற பெயரிங்கை மாற்றினார்கள். இரைச்சல் நின்றது, ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் பிடித்தாலும் சில்லு இறுகாமல் பார்க்கிற அமைப்பு) லைட் எரியத் தொடங்கியது. அதைச் சாட்டாக வைத்து அவர்களே ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் வாங்கிவிட்டார்கள். பழுதோ அவர்கள் செய்த வேலையில்தான் இருந்தது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை.

பெயரிங் மாற்றிய கையோடு காரை எடுத்துக்கொண்டு ஸ்ரான்லி வீதிக்கு வர முதலே மீற்றரில் மஞ்சள் லைட். திருப்பிக் கொண்டுபோனேன். ஸ்கானர் பூட்டிப் பார்த்த பொடியன், "சி0205 காட்டுது அண்ணை, முன் இடது சென்சர் அடிச்சுப் போட்டுது" என்றான். டொயோட்டாவில் அந்தப் பழுதுக் கோட் முன் இடது சில்லுக்கு உரியதுதான். ஆனால் அந்தச் சில்லின் வேகச் சிக்னல் சரியாக வரவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. சென்சர், வயர், கொனெக்டர், சென்சருக்கு முன்னால் சுற்றுகிற காந்த வளையம், இதில் எதில் கோளாறு என்றாலும் இந்தக் கோட் வரலாம். எதையும் அளந்து பார்க்காமல் சென்சரை மாற்றினார்கள். லைட் அப்படியே இருந்தது.

"அப்ப ஏபிஎஸ் யூனிற்தான் அண்ணை, பஞ்சிகாவத்தையில சொல்லித்தான் எடுக்கோணும்." கொழும்பிலிருந்து பழைய யூனிற் ஒன்று வந்தது. ஒரு குறையும் இல்லாத பிரேக் லைன்களைக் கழற்றி, ஒயில் ஊற்றி, காற்று எடுத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். லைட் எரியவில்லை. காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

உண்மையில் லைட்டை மறைத்திருந்தார்கள். சாவியை ஓன் பண்ணியதும் ஏபிஎஸ் லைட் சில செக்கன் எரிந்து பிறகு அணைய வேண்டும். பல்ப் வேலை செய்கிறதா என்று கார் தானே பார்க்கிற முறை அது. என் காரில் மற்ற லைட்டுகள் எல்லாம் எரிந்தன, இது மட்டும் எரியவே இல்லை. மீற்றரைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. அந்த நிலையில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கார்த்திகை மழைக்குள் ஏ9 வீதியால் வவுனியா போய் வந்திருக்கிறேன். ஏபிஎஸ் இல்லாவிட்டாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈர றோட்டில் மாடு குறுக்கே வந்து ஓங்கி மிதித்தால் சில்லு இறுகிவிடும், ஸ்ரியறிங்கை வெட்டினாலும் கார் திரும்பாது. காசு போனதைவிட அந்த ரேப்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பிறகு சாவகச்சேரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "தம்பி, லைட் சாவி போட்ட உடனேயே நிண்டு எரிஞ்சதோ, ஓடத் தொடங்கினாப் பிறகு வந்ததோ?" வயர் அறுந்தாலோ சென்சர் செத்தாலோ பெரும்பாலும் கார் நிற்கும்போதே ஏபிஎஸ் அதைக் கண்டுபிடித்து லைட்டைப் போட்டுவிடும். உருளத் தொடங்கிய பிறகுதான் லைட் வருகிறதென்றால் காந்த வளையத்தை, சென்சரின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஸ்கானரில் நான்கு சில்லின் வேகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஓடினோம். மூன்று சில்லும் 20 காட்ட, முன் இடது மட்டும் பூச்சியத்தில் நின்றது.

இப்போதைய பல சிறிய ஜப்பான் கார்களில் அந்தக் காந்த வளையம் பெயரிங்கின் ஒரு பக்கத்தை மூடியிருக்கிற சீலிலேயே இருக்கிறது. வடக்கும் தெற்கும் மாறி மாறி வருகிற காந்தம். அது சென்சர் இருக்கும் உட்பக்கம் பார்க்க வேண்டும். பெயரிங்கைக் கழற்றியதும் அவர் ஒரு ஸ்டேப்ளர் ஊசியை உட்பக்கச் சீலில் வைத்தார், கீழே விழுந்தது. வெளிப்பக்கம் வைத்தார், ஒட்டிக்கொண்டது. தலைகீழாகப் பிரெஸ் பண்ணியிருக்கிறார்கள்! கழற்றிய பெயரிங்கைத் திரும்பப் போட முடியாது என்பதால் புதியது ஒன்று வாங்கிச் சரியான பக்கம் போட்டார். கொஞ்சத் தூரம் ஓடியதும் லைட் அணைந்தது. ரேப்பை எடுத்த பிறகுதான் சொல்கிறேன்.

எல்லா ஏபிஎஸ் லைட்டும் பெயரிங்கால் வருவதில்லை. பண்ணை, காரைநகர்ப் பக்கம் தினமும் ஓடும் கார்களில் உப்புக் காற்றுக்குக் கொனெக்டருக்குள் பச்சை பூத்துவிடும். ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டும்போது மட்டும் லைட் வந்தால் வளைந்து நிமிர்கிற இடத்தில் வயரைத் தடவிப் பாருங்கள். மலிவான புளூடூத் ஸ்கானர்களில் பெரும்பாலானவை எஞ்சினின் பழுதுக் கோட்களை மட்டும்தான் வாசிக்கும். அதில் ஒன்றும் இல்லை என்று காட்டினால் நம்ப வேண்டாம்.

யார் சென்சரை மாற்றச் சொன்னாலும், ஓடும்போது நான்கு சில்லின் வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். என் பழைய யூனிற்றைக் கேட்டபோது எறிந்துவிட்டோம் என்றார்கள், பில்லில் வெறுமனே "பிரேக் வேலை" என்று எழுதியிருக்கிறார்கள். சாமானின் பெயர், புதிதா பழையதா, விலை எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், தொலைபேசி இலக்கம் 1977.