கருவேல முள்ளும் கடல் மணலும்: எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா?

சாயல்குடி, மாரியூர், வாலிநோக்கம், சேதுக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரையின் மண்பாதைகளில் ஓட்ட பைக் தேடுபவர்கள் பெரும்பாலும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். எது அதிகம் இழுக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. இந்த மண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது எடையை.

எக்ஸ்பல்ஸ் 160 கிலோவை ஒட்டி வரும். ஹிமாலயன் 196 கிலோ. பனங்காட்டு மணலில் பின்சக்கரம் ஆக்சில் வரை புதைந்துவிட்டால், எக்ஸ்பல்ஸைத் தனியாளாகவே பக்கவாட்டில் சாய்த்து, குழியை மணலால் நிரப்பி, நிமிர்த்தி ஓட்டிவிடலாம். மூட்டை கட்டிய ஹிமாலயனுக்கு இன்னொரு ஆள் வேண்டும். நடுப்பகலில் அந்தப் பனங்காட்டில் ஆள் கிடைப்பது அரிது.

இழுவையில் ஹிமாலயன் முன்னே. அதன் 40 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), கிளட்சைத் தொடாமலே இரண்டாவது கியரில் மணலைத் தாண்டவைக்கும். ஆனால் த்ராட்டிலைச் சட்டென்று திருகினால் அதே பலம் குழி பறித்துவிடும். எக்ஸ்பல்ஸுக்கு இருப்பது 17 சொச்சம்தான். இன்ஜினை உயர் சுற்றிலேயே வைத்திருக்க வேண்டும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஓட்டினால் தட்டுகள் கருகும்.

முள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. இங்கே சீமைக்கருவேலம் இல்லாத பாதையே இல்லை. ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் போட்ட ஹிமாலயனில் முள்ளைக் குறட்டால் பிடுங்கி, பிளக் சொருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். ட்யூப் உள்ள எக்ஸ்பல்ஸில் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். ட்யூபை மாற்றியதும் டயரை மூடிவிடாதீர்கள். முள்ளின் நுனி ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும்; புது ட்யூபும் சிறிது தூரத்திலேயே இறங்கிவிடும். ஒரு பருத்தித் துணியை டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்தால், நுனி இருக்கும் இடத்தில் துணி சிக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம். கூடுதலாக எடுத்துச் செல்ல, முன்சக்கரத்துக்கான 21 அங்குல ட்யூப் ஒன்று போதும். அவசரத்துக்குப் பின்பக்க 18 அங்குல வீலிலும் அது உட்காரும்.

மணலுக்காகக் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கும்போது எக்ஸ்பல்ஸில் இன்னொரு சிக்கல். டயர் ரிம்மில் மெல்ல நகர்ந்து, ட்யூபையும் இழுத்துப்போய், வால்வை வேரோடு கிழித்துவிடும். வால்வின் நட்டை ரிம்மில் இறுக்காமல் மூடி வரை ஏற்றி வையுங்கள். வால்வு சாயத் தொடங்கினால் கண்ணில் படும். அப்போதே காற்றை இறக்கி நேராக்கிவிடலாம். தார்ச்சாலை ஏறுமுன் பழைய அளவுக்குக் காற்றடிக்க வேண்டும்.

உப்பு இரண்டு பைக்கையும் தின்னும், ஹிமாலயனைச் சற்றுக் கூடுதலாக. உப்பளச் சேறு, இன்ஜினைக் குளிர்விக்கும் அதன் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையில் காய்ந்துவிட்டால் விசிறி ஓயாமல் சுற்றும். அன்றைக்கே நல்ல தண்ணீரில், வேகம் குறைத்து, பின்பக்கமிருந்து கழுவுங்கள். செயினைக் காயவிட்டு ஆயில் போடுங்கள். ஸ்போக் நிப்பிள்களையும் மின் இணைப்புகளையும் மறக்க வேண்டாம். உப்பள வரப்பில் கேட்காமல் ஏறக்கூடாது. அது உடைந்தால் போவது தொழிலாளியின் பல நாள் உழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்புக் களி சக்கரத்தையே பூட்டிவிடும். அப்போது எந்த பைக்கும் உதவாது.

தனுஷ்கோடிக்காக மட்டும் இவற்றில் எதையும் வாங்கத் தேவையில்லை. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரில் பவளக் கற்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதை எடுப்பது குற்றம். பைக்கைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். அந்த மணல் ஆமைகள் முட்டையிடும் இடம்.

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ, அதுவும் பின்னால் ஆளோடு வருபவர்களுக்கு 17 லிட்டர் டேங்கும் ஆறு கியரும் உள்ள ஹிமாலயன்தான் சரி, ட்யூப்லெஸ் வீலோடு. உள்ளூரில் இருந்துகொண்டு தனியாக மணலில் இறங்குபவர்கள் எக்ஸ்பல்ஸை எடுத்து, மிஞ்சும் பணத்தில் நல்ல டயர், மூன்று டயர் லிவர், கைப்பம்பு, மணலில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு வாங்கிக்கொள்ளலாம்.