கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் வாங்காதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

கடலூரில் செல்போன் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர், டவர் தடுப்புத் தகடு என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் 18,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் டவர் இருக்கிறது. அம்மாவுக்கு ராத்திரி தூக்கமில்லை, தலைவலி. மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஆரோக்கியப் பொருள் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். "உலக சுகாதார நிறுவனமே கேன்சர் வரும்னு சொல்லிடுச்சும்மா, நானும் உங்க பிள்ளை மாதிரிதான்" என்றார். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் சொன்னது 'ஒருவேளை வரலாம், ஆதாரம் குறைவு' என்கிற 2பி பிரிவு. அதை அவர் சொல்லவே இல்லை.

அப்புறம் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து அம்மாவின் போன் பக்கத்தில் வைத்து, அதற்குக் கால் போட்டார். சிவப்பு விளக்கு வரிசையாக ஏறியது. அம்மா முகமே மாறிவிட்டது. பேசிக்கொண்டே போனின் முதுகில் தங்கக் கலர் ஸ்டிக்கரை ஒட்டினார், விளக்கு பச்சைக்கு இறங்கியது. அந்த இடத்தில்தான் நம்பினோம். நாலு போனுக்கு ஸ்டிக்கர், சுவரில் மாட்ட ஒரு தகடு, மொத்தம் 18,500.

புதுச்சேரியில் செல்போன் சர்வீஸ் செய்யும் என் மச்சான் வந்தபோது குட்டு உடைந்தது. கால் இணையும்போது போன் அதிக சக்தியில் அனுப்பும், இணைந்தபின் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரே இல்லாமலும் மீட்டர் இறங்கத்தான் செய்யும்! நிஜமாகவே சிக்னலைத் தடுக்கும் பொருளாக இருந்தால் இன்னும் மோசம், டவரைப் பிடிக்கப் போன் கூடுதல் சக்தியில் அனுப்பும். அமெரிக்க வர்த்தக ஆணையம் இதையே சொல்லி எச்சரித்திருக்கிறது.

கடையில் பணத்தைத் திரும்பக் கேட்டால், "உடம்பு ஏத்துக்க ஒரு மண்டலம் ஆகும் சார்." அடுத்த முறை, "ஓனர் சென்னை போயிருக்கார்." நேரில் போனால், "ஸ்டிக்கரை உரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." ஜிஎஸ்டி பில் கேட்டதற்குக் கடைப் பையன் சிரித்தான். கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் பேனாவால் 18,500 என்று எழுதியிருக்கிறது, கடை பெயர்கூட இல்லை. வயதான அம்மாவின் பயத்தை வைத்துச் சம்பாதித்த காசு அது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. டவர் பற்றிப் பயம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள். 2012-ல் இங்கே டவர் கதிர்வீச்சுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். போனில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் போட்டுப் பேசுங்கள், சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது நீளமாகப் பேசாதீர்கள். தலைவலிக்கு டாக்டரிடம் போங்கள். பில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், அதே துண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் நீங்களும் கொடுங்கள்.